நாற்பத்தெட்டு மீட்டர் கம்பி

அக்டோபர் 8, புதன்

இன்று வகுப்பில் ஆனந்தமேரி ஒரு வேடிக்கை சொன்னாள். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் பயம் வந்தது. அவள் சொன்னதை வரிசை மாறாமல் இங்கே எழுதிவைக்கிறேன். நாளைக்கு நானே கூட்டியோ குறைத்தோ நினைத்துக்கொள்ளக் கூடாது.

ஆனந்தமேரி எனக்குப் பக்கத்து இருக்கை. பகலில் வேடசந்தூர் பக்கத்து நூல் மில்லில், பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறாள். மில் பஸ்ஸில் திண்டுக்கல் வந்து இறங்கி, முகத்தைக் கழுவிக்கொண்டு ஆறரை மணி எலக்ட்ரிக்கல் வகுப்புக்கு வந்துவிடுவாள். நான் அல் அமீன் பாயின் பட்டறையில் பேனல் போர்டு வேலை பார்க்கிறேன். போன மாதம் அவள் மில்லின் சரக்கு லிஃப்ட்டுக்கு டிரைவ் பேனல், அதாவது மோட்டாரை ஓட்டும் மின் பெட்டி, செய்து கொடுத்தது எங்கள் பட்டறைதான்.

வகுப்பு தொடங்கும் முன்பு அவள் சொன்னாள்: "தமிழு, ஒங்க லிஃப்டு மத்தியானச் சோத்துக்கு அப்புறம் தூங்கி வழியுதுடி."

"என்னது?"

"மேல நிக்கிறப்ப மாடித் தரைக்குச் சமமா நிக்கணும்ல? நாங்க சாப்ட்டுட்டு வந்து பாத்தா ரெண்டு வெரக்கடை கீழ எறங்கி நிக்கிது. தள்ளுவண்டி ஏற மாட்டேங்குது. பலகையப் போட்டு ஏத்துறோம்."

பின் பெஞ்சிலிருந்து தப்ரேஸ், "லிஃப்டும் சாப்ட்டிருக்கும். வெயிட் போட்டிருச்சு" என்றான். அதற்குத்தான் சிரித்தோம்.

பிறகு நான் கேட்டேன், "லிஃப்டு மேல நிக்கிறப்ப நீ எங்க இருப்ப?"

"கீழதான். அடியில குழி இருக்குல்ல, பஞ்சுத் தூசி வந்து அடைஞ்சிரும். கேட்டத் தொறந்து, எறங்கிக் கூட்டுவேன். ஒரு நாளைக்கி நாலு தடவ."

"தலைக்கு மேல லிஃப்டு நிக்கிறப்பவா?"

"அது மேல இருந்தாத்தானடி நான் குழிக்குள்ள எறங்க முடியும்? அதான் நீங்க பிரேக் வச்சிருக்கீங்கல்ல, பிடிச்சிருக்கும்."

சார் வந்துவிட்டார். அவர் போர்டில் எழுதியதை நான் எழுதிக்கொள்ளவில்லை. நோட்டில் 'ரெண்டு விரக்கடை', இரண்டு விரல் அகலம், என்று மட்டும் எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

கீழ் கேட்டைத் திறந்தால் மோட்டாருக்குப் போகும் கரண்ட் நின்றுவிடும். பாதுகாப்புக்காகத்தான் அப்படி வைத்தோம். ஆனால் அந்த நேரத்தில் லிஃப்ட்டையும் அதன் நானூறு கிலோ சரக்கையும் பிடித்துக்கொண்டிருப்பது பிரேக் ஒன்றுதான். அந்தப் பிரேக்குக்குக் கரண்ட் கொடுக்கும் 24 வோல்ட் பவர் சப்ளையின் அளவைக் கணக்குப் போட்டது நான்.

அக்டோபர் 9, வியாழன்

பட்டறைக்கு முக்கால் மணி நேரம் முன்னாலேயே போய்ப் பழைய தாளை எடுத்தேன். என் கையெழுத்து, என் தேதி.

டிரைவின் கன்ட்ரோல் போர்டுக்கு 1.0 ஆம்பியர். அதன் காற்றாடிக்கு 0.4. பிரேக்குக்கு 1.5. சென்சார்களுக்கும் ரிலேக்களுக்கும் 0.6. மொத்தம் 3.5. கூடுதலாகக் கால் பங்கு சேர்த்தால் 4.4. கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 5 ஆம்பியர். அதைத்தான் வாங்கினோம். இதில் தப்பு இல்லை. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன்.

கீழே வேறு மையில் இன்னொரு கணக்கு. முதலில் பேனல் லிஃப்ட்டின் பக்கத்திலேயே இருப்பதாகத்தான் பேச்சு. பஞ்சுத் தூசி உள்ளே போகிறது என்று மில்லில் அதைக் கரண்ட் ரூமுக்கு மாற்றச் சொன்னார்கள். அங்கிருந்து மாடி மேலே உள்ள மோட்டாருக்கு 48 மீட்டர் கேபிள். அவ்வளவு தூரம் போனால் வழியில் கொஞ்சம் வோல்ட் குறையும். எவ்வளவு குறையும் என்று நான் கணக்குப் போட்டிருக்கிறேன்: மீட்டருக்கு 0.018 ஓம், 48 மீட்டர், 1.5 ஆம்பியர். 1.3 வோல்ட் குறையும். 24-இலிருந்து கழித்தால் 22.7. பிரேக்குக்கு 21.6-க்குக் கீழே போகக் கூடாது. ஆகவே சரி என்று ஒரு டிக் போட்டிருக்கிறேன்.

ஐந்து முறை அந்தப் பெருக்கலைப் போட்டேன். ஐந்து முறையும் 1.3 வந்தது. கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

பத்து மணிக்கு வேறொரு வேலைக்காகக் கேபிள் வெட்டினேன். வெட்டிய முனை என் பக்கம் திரும்பியது. உள்ளே இரண்டு கம்பிகள், ஒன்று பழுப்பு, ஒன்று நீலம். ஒன்றில் கரண்ட் போகிறது. ஒன்றில் திரும்பி வருகிறது.

நான் போகிற கம்பியை மட்டும் கணக்கில் எடுத்திருக்கிறேன்.

கம்பி 48 மீட்டர் அல்ல, 96 மீட்டர். இழப்பு 2.6 வோல்ட். பிரேக்கில் கிடைப்பது 21.4. அதற்கு வேண்டியதை விட 0.2 குறைவு. ஐந்து முறையும் நான் பெருக்கலைத்தான் சரிபார்த்திருக்கிறேன், கம்பியை அல்ல.

0.2 வோல்ட் என்றால் வெளியே யாருக்கும் எதுவும் தெரியாது. லிஃப்ட் ஏறும், இறங்கும். அந்தப் பிரேக்கில் ஸ்பிரிங்தான் மோட்டார் தண்டை இறுக்கிப் பிடிக்கிறது. கரண்ட் கொடுத்தால் காந்தம் அந்தப் பிடியை இழுத்து விலக்கும். கரண்ட் போதாவிட்டால் பாதிதான் விலகும். சைக்கிளில் பிரேக் கட்டை ரிம்மை உரசிக்கொண்டே ஓட்டுவது மாதிரி, ஒவ்வொரு தடவை லிஃப்ட் ஓடும்போதும் பிரேக்கின் லைனிங், அந்த உரசும் பட்டை, தேயும். தேய்ந்து முடிந்தபின் ஸ்பிரிங் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்க ஒன்றும் இருக்காது. முதலில் இரண்டு விரக்கடை வழுக்கும்.

பாய் சேவுகம்பட்டியில் ஒரு ரைஸ் மில் வேலையில் இருந்தார். போன் செய்தேன்.

"பாய், அந்த லிஃப்ட்டு பிரேக் வோல்டேஜ ஒரு தடவ பாத்துரலாம்னு."

"என்னாச்சு, கம்ப்ளைன்ட் வந்துச்சா?"

"கம்ப்ளைன்ட் இல்ல பாய். சும்மா, டவுட்டு."

"டவுட்டு உனக்கு என்னைக்குத்தான் இல்ல தமிழு? இங்க மோட்டாரு என் உசுர வாங்கிட்டு இருக்கு. திங்கக்கிழம போவோம்."

வைத்துவிட்டார். 'நான் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன்' என்ற வார்த்தைகளை நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அவர் அப்போதே ஜீப்பை எடுத்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. ஆகஸ்டில் ஒரு பேனலில் கரண்ட் கசிகிறது என்று நான் கத்தி வேலையை நிறுத்தினேன். கடைசியில் என் மீட்டரின் ஒயர்தான் அறுந்திருந்தது. ஒரு வாரம் பட்டறையில் எனக்குப் பெயர் 'ஃபயர் சர்வீஸ்'. இதுவும் அப்படியே இருந்தால்?

சாயங்காலம் ஆனந்தமேரி வகுப்புக்கு வரவில்லை. தீபாவளிச் சரக்கு போகிறதாம், ஓவர்டைம். அவளுக்கு வாட்ஸப்பில் மூன்று முறை எழுதி அழித்தேன். முதலில், 'பிரேக் கணக்கில் நான் தப்புப் பண்ணிட்டேன், குழிக்குள்ள இறங்காத.' அடுத்து, 'குழிக்குள்ள இறங்காத, காரணம் நேர்ல சொல்றேன்.' கடைசியில் அனுப்பியது: 'லிஃப்ட் பக்கம் பாத்து இருடி.'

பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

அக்டோபர் 10, வெள்ளி

இன்று போன் ஒலித்த ஒவ்வொரு முறையும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். ஒன்பது அழைப்புகள். எல்லாம் மோட்டார் காயில் கேட்பவர்கள், பில் கேட்பவர்கள். ஒன்பதாவது அழைப்பு வேடசந்தூர் நம்பர் மாதிரித் தெரிந்தது. எடுப்பதற்குள் நின்றுவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் யாரோ மரக்கடைக்காரர், ராங் நம்பர் என்றார்.

மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து மூடினேன். ஒரு மணி. இப்போது மில்லில் சாப்பாட்டு நேரம். லிஃப்ட் மாடியில் நிற்கும். சாப்பிட்டுவிட்டு வந்து அவள் கூட்டுவாள். ஒன்றரை. இரண்டு. இரண்டேகால் வரை வேறு வேலை ஓடவில்லை.

இந்தப் பயத்தை நம்பலாமா என்றும் தெரியவில்லை. 0.2 வோல்ட் குறைவதால் ஒரு மாதத்துக்குள் லைனிங் தேய்ந்துவிடுமா? பிரேக்கோடு வந்த புத்தகத்தில் அப்படி எதுவும் எழுதவில்லை. குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று மட்டும்தான் இருக்கிறது. அவ்வளவு வேகமாகத் தேய்ந்திருந்தால் வேறு ஏதோவும் இருக்க வேண்டும். வேறு ஏதோ இருந்தால் அதுவும் என் தப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

சாயங்காலம் அவள் வந்தாள். முழுதாக, கூந்தலில் பஞ்சு ஒட்டியபடி. அவளை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை பார்த்தேன்.

"என்னடி பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

"ஒண்ணுமில்ல. லிஃப்ட்டு எப்புடி இருக்கு?"

"இன்னிக்கி நாலு வெரக்கடை. ரெண்டு பலக போட்டோம். பலக பத்தலைன்னா சொல்றேன், ஒங்க வீட்டுக் கதவக் கழட்டி அனுப்பு."

தப்ரேஸ் சிரித்தான். இன்னும் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் முன்னால் நான் சொல்லவில்லை. "நாளைக்கி மில்லுக்கு வாரேன். சும்மா செக் பண்ண" என்றேன்.

"வா வா. தொட்டுக்க வெஞ்சனம் எதாச்சும் கொண்டு வா. மில்லு கேன்டீன்ல சாம்பாரத் தவிர ஒண்ணுமே கெடைக்காது."

அக்டோபர் 11, சனி

எங்கள் ஊர் அகரம். தினமும் தாடிக்கொம்பு வந்து திண்டுக்கல் பஸ்ஸுக்கு நிற்பேன். இன்று ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம், வேடசந்தூர் பஸ்ஸுக்கு நின்றேன். பாயிடம் சொல்லவில்லை. 'உடம்பு சரியில்லை' என்று மெசேஜ் போட்டேன். அது பொய்யும் இல்லை.

மில் கேட்டில் பட்டறை அடையாள அட்டையைக் காட்டினேன். எலக்ட்ரீஷியன் மலைச்சாமி வந்து அழைத்துப் போனார். நாற்பது வயதிருக்கும். சட்டைப் பையில் டெஸ்டரும் திருநீற்றுப் பொட்டலமும் வைத்திருந்தார்.

கரண்ட் ரூம் கதவைத் திறந்ததும் பச்சையும் சிவப்பும் மாறி மாறி ஓடின. எங்கள் பேனலுக்கு மேலே முருகன் படம். படத்தைச் சுற்றியும் பேனலைச் சுற்றியும் மின்னும் லைட் பட்டை.

"ஆயுத பூசைக்குப் போட்டது தங்கச்சி," என்றார் மலைச்சாமி. "நல்லாருந்துச்சு, கழட்ட மனசு வரல."

"கரண்ட் எங்கிருந்து எடுத்தீங்கண்ணே?"

"ஒங்க பேனல்லதான். இது லாரிக்கிக் கட்டுற லைட்டு. இருபத்துநாலு வோல்ட்டுல எரியும். வேற எங்கயும் இருபத்துநாலு கெடைக்காது. ஒங்க பெட்டிக்குள்ள அம்சமா இருந்துச்சு, ரெண்டு ஒயரக் குத்தி விட்டுட்டேன். பத்து நாளா எரியுது, ஒரு பிரச்சினையும் இல்ல."

மீட்டரை வைத்தேன். அந்தப் பட்டை மட்டும் இரண்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. 5 ஆம்பியர் பவர் சப்ளை தாங்காமல் 22.9-க்கு இறங்கியிருந்தது. மாடி ஏறி மோட்டார் பெட்டியைத் திறந்து, லிஃப்ட் ஓடும்போது பிரேக் முனையில் வைத்துப் பார்த்தேன். 20.3.

அந்த எண்ணைப் பார்த்ததும் பயத்துக்கு நடுவில் ஒரு சந்தோஷம் வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. என் தப்பு மட்டும் இல்லை என்ற சந்தோஷம்.

லைட்டைக் கழற்றச் சொன்னேன். மலைச்சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கழற்றினார். மறுபடியும் மாடி. 21.3.

"ஏறிருச்சுல்ல?" என்றார். "அப்ப லைட்டுதான். நான் ஒத்துக்கிறேன். எம்மேல தப்பு. சூப்பர்வைசர்கிட்ட மட்டும் சொல்லிராத."

21.3. வேண்டியது 21.6. லைட்டே இல்லாவிட்டாலும் பத்தாது. அது என்னுடைய பங்கு.

பாய்க்கு போன் செய்தேன். உடம்பு சரியில்லாதவளுக்கு மில்லில் என்ன வேலை என்று கேட்டுவிட்டு, எண்களைச் சொல்லச் சொன்னார். பிறகு, "சப்ளையில ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். திருகி இருபத்தாறுக்கு ஏத்தி வையி. தாங்கும்" என்றார். டிரைவ் 26.4 வரை தாங்கும், நானும் பார்த்திருக்கிறேன். ஏற்றினேன். பிரேக் முனையில் 23.2 வந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது. மலைச்சாமி டீ சொன்னார். பேக்கிங் சூப்பர்வைசர் முகேஷ்குமார் எட்டிப் பார்த்து, "முடிஞ்சுதா? லாரி நிக்கிது, லிஃப்ட விடுங்க" என்றார். மீட்டரில் நல்ல எண். பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். வோல்ட்டை ஏற்றிவிட்டேன். தேய்ந்து போன லைனிங் ஏறாதே. இனிமேல் யார் வந்து மீட்டர் வைத்தாலும் 23.2 காட்டும், சரி என்று போய்விடுவார்கள். நேற்றைவிட இன்றைக்குத்தான் ஆபத்து அதிகம் என்று எனக்குப் பட்டது. கூடவே, ஃபயர் சர்வீஸ் என்ற பெயரும் காதில் கேட்டது.

"அண்ணே, பிரேக்கப் பிரிச்சுப் பாக்கணும்," என்றேன்.

முகேஷ்குமார் சிரித்தார். "ஏம்மா, வந்த வேல முடிஞ்சிருச்சு. இனி என்ன? பிரேக்கப் பிரிச்சா அரை நாளு போயிரும். தீபாவளிக்கி ஒம்பது நாளுதான் இருக்கு."

"லைனிங் தேஞ்சிருக்கும் சார்."

"யாரு சொன்னா?"

"நான் போட்ட கணக்குல தப்பு இருக்கு சார். கம்பி திரும்பி வர்ற தூரத்த நான் சேக்கல. லைட்டு போடுறதுக்கு முன்னாடி இருந்தே பிரேக்குக்கு வோல்ட் பத்தல. ஒரு மாசமா ஒரசிக்கிட்டே ஓடிருக்கு."

சொல்லிவிட்டேன். மலைச்சாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். சூப்பர்வைசர் நெற்றியைச் சொறிந்தார். "தப்புன்னு நீங்களே சொல்றீங்க. அப்பறம் நீங்க சொல்றத எத வச்சு நம்புறது?" என்று கேட்டார்.

கடைசியில் பிரிப்பதற்குப் பதிலாக ஒரு சோதனைக்கு ஒப்புக்கொண்டார். நானூறு கிலோ நூல் பெட்டிகளை ஏற்றி, மேலே நிறுத்தி, கரண்டை அணைத்து, நகர்கிறதா என்று பார்ப்பது. கீழே குழிக்கு முன்னால் கயிறு கட்டினோம். யாரும் கிட்டே வராமல் பார்த்துக்கொள்ள ஆனந்தமேரியைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தினார்கள். நான் மாடியில், கம்பி வலைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். லிஃப்ட்டின் தளம் நிற்கும் இடத்தில், அது ஏறி இறங்கும் தண்டவாளத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. ஆனந்தமேரியும் நானும் போனில்.

கரண்ட் அணைந்தது. பிரேக் 'டக்' என்று பிடித்தது.

ஒரு நிமிடம். கோடு அப்படியே இருந்தது. ஐந்து நிமிடம். அப்படியே.

"நகருதா?" என்று ஆனந்தமேரி போனில் கேட்டாள்.

"இல்ல."

பத்து நிமிடம். முகேஷ்குமார் படியேறி வந்து கோட்டைக் குனிந்து பார்த்தார். "முருகனே பிடிச்சிருக்காரு போல. லைட்டக் கழட்டுன கோவத்துலகூட விடல." மலைச்சாமி சிரிக்கவில்லை.

தப்பு என் கணக்கிலா, பயத்திலா என்று தெரியவில்லை. ஆனால் ஆனந்தமேரி சொன்னது ஞாபகம் இருந்தது: மத்தியானத்துக்கு அப்புறம்தான் இறங்குகிறது. காலை முழுக்க ஓடி, சூடேறிய பிறகு.

"சார், இருபது தடவ ஏத்தி எறக்கிட்டு மறுபடி பாக்கணும். பிரேக் சூடாகணும்."

"நீங்க வேலைக்கி வந்தீங்களா, வெளையாட வந்தீங்களா?"

மலைச்சாமிதான் அவரைக் கேட்காமல் பட்டனை அழுத்தினார். "ஓடட்டும் சார். குழிக்குள்ள எறங்குறது நம்ம புள்ளைக."

ஒவ்வொரு தடவையும் மேலே நிறுத்தினோம், பிரேக் பிடித்தது, கோட்டைப் பார்த்தேன். ஆறாவது தடவை ஒரு நூல் அளவு கீழே. இல்லை, என் கண்தான் என்று நினைத்தேன். ஒன்பதாவது தடவை ஒரு விரல். பதிமூன்றாவது தடவை கருகிய ரப்பர் மாதிரி ஒரு வாடை வந்தது. முகேஷ்குமாரும் மோந்து பார்த்தார். அடுத்த தடவைக்கு அவரே பட்டனை அழுத்தினார்.

பதினேழாவது தடவை கரண்டை அணைத்தோம். 'டக்' சத்தம் கேட்டது. தளம் நின்றது. பிறகு, யாரோ பிடித்து மெல்ல இறக்குவது மாதிரி, கோட்டை விட்டுக் கீழே போயிற்று. ஒரு சாண் வரை மெதுவாகத்தான் போயிற்று. அதற்கப்புறம் அது மெதுவாகப் போகவில்லை.

"மேரி!" என்று கத்தினேன்.

தரை அதிர்ந்தது. கீழேயிருந்து பஞ்சும் தூசியும் மாடி வரை எழும்பி வந்தன. போனைக் காதில் அழுத்தினேன். பெட்டிகள் உடைந்து நூல் சுற்றிய கோன்கள் உருண்டு ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. மறுபடி கூப்பிட்டேன். பதில் இல்லை. படியில் பாதி இறங்கினேன், தூசியில் கீழே எதுவும் தெரியவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அப்புறம் இருமல் சத்தம்.

"இருக்கேன்டி," என்றாள். "கத்தாத. காது போச்சு."

மலைச்சாமி பிரேக்கைப் பிரித்தபோது லைனிங் நகத்தின் கனம்கூட இல்லை. உள்ளே எல்லாம் கறுப்புப் பொடி. அவர் அதை ஒரு காகிதத்தில் கொட்டி முகேஷ்குமாரின் கையில் வைத்தார்.

சூப்பர்வைசர் காரணத்தை எழுதிக் கேட்டார். இரண்டு காரணம் எழுதினேன். ஒன்று: கேபிள் இழப்பைக் கணக்கிட்டதில் என் தப்பு. இரண்டு: லைட். நாலு மணிக்கு வந்து சேர்ந்த பாயிடம் வியாழக்கிழமையே கண்டுபிடித்ததைச் சொன்னேன், அவர் அந்தத் தாளை வாங்கிப் படித்தார். வண்டியில் ஏறிய பிறகு, "லைட்ட மொதல்ல எழுதிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டார். தடித்த கேபிள், புது பிரேக் இரண்டையும் பட்டறையே போட்டுக் கொடுக்கும் என்று மில்லில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். என்னை வேலையில் வைத்துக்கொள்வாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

நேற்று முழுவதும் பழைய தாள்களைப் பார்த்தேன். இதே கணக்கை வைத்து நான் போட்ட மற்ற மூன்று பேனல்களிலும் பிரேக் இல்லை, கேபிளும் பத்து மீட்டருக்குள்தான். இரண்டு முறை பார்த்தேன். இந்த முறை கம்பிகளையும் எண்ணினேன்.

இன்று பாய் வேலை கொடுத்தார். ஆனால் நான் போட்ட கணக்குத் தாளைக் கேட்டு வாங்கித் தன் மேஜையில் வைத்துக்கொண்டார். இனிமேல் அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் என் கணக்கை வைத்துச் சாமான் வாங்க வேண்டுமாம்.

வகுப்பில் ஆனந்தமேரி எனக்கு முன்னமே வந்திருந்தாள். வேறு பெஞ்சில், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். இடது கையில் சிராய்ப்புக்குப் போட்ட பிளாஸ்திரி இருந்தது, ஏதோ பெட்டி உருண்டு வந்து உரசியதாம்.

"எல்லாரும் என்கிட்ட வந்து சொல்றாங்க, ஒன் ஃப்ரண்டு ஒன்னக் காப்பாத்திருச்சுன்னு," என்றாள்.

நான் தோளிலிருந்து பையை இறக்கினேன்.

"மலைச்சாமியண்ணன் சொன்னாரு, நீ கணக்குத் தப்புன்னு வியாழக்கிழமயே கண்டுபிடிச்சிட்டியாமே? ஒங்க பாய் அவருகிட்டச் சொன்னாராம்."

"ஆமா."

"வியாழக்கெழம எனக்கு ஒரு மெசேஜ் போட்ட. பாத்து இருடின்னு. பாத்து இருடின்னா என்னத்தப் பாக்குறது? ரோட்டக் கடக்கையில எங்கம்மாகூடத்தான் அப்படிச் சொல்லும்."

"வேற மாதிரியும் எழுதுனேன். அழிச்சிட்டேன்."

"ஏன்?"

யோசித்துச் சொன்னேன். "தப்பா இருந்தா எல்லாரும் சிரிப்பாங்கன்னு. தப்பா இல்லன்னா நான்தான் காரணம்னு தெரிஞ்சிருமேன்னு. ரெண்டு பயமும் இருந்துச்சு."

"வெள்ளிக்கெழம நான் நாலு தடவ உள்ள எறங்குனேன் தமிழு. சாயங்காலம் இதே வகுப்புல ஒன் பக்கத்துல வந்து ஒக்காந்தேன். அப்பக்கூட வெஞ்சனம் கொண்டு வான்னு பேசிட்டுப் போறேன். நீ கேட்டுக்கிட்டு இருந்த."

அவள் குரலை உயர்த்தவில்லை. தப்ரேஸ் எங்கள் பக்கம் பார்த்துவிட்டு நோட்டைத் திறந்துகொண்டான். சார் வந்தார். நான் என் பழைய இடத்தில் தனியாக உட்கார்ந்தேன். முதல் முறையாகப் பாடம் முழுவதையும் எழுதிக்கொண்டேன். எழுதியது எதுவும் ஞாபகம் இல்லை.

எட்டரைக்கு வகுப்பு விட்டதும் படியில் அவள் எனக்கு முன்னால் இறங்கிப் போனாள். கீழே போனதும் நின்றாள். திரும்பவில்லை.

"புது பிரேக்கு என்னைக்கிப் போடுறீங்க?"

"புதன்கெழம. காலையில பத்து மணிக்கு."

"போட்டு முடிச்சதும் என்னையும் கூப்பிடு. மீட்டர நான் பிடிக்கிறேன். கோட்ட நான் போடுறேன். நீ மட்டும் பாத்துட்டு சரின்னு சொன்னா நான் எறங்க மாட்டேன்."

"சரி," என்றேன்.

அவள் போனை எடுத்து, கிழமையையும் நேரத்தையும் குறித்துக்கொண்டாள். குறித்ததை என்னிடம் ஒரு முறை படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டாள்.